முப்பத்தொரு நாளும் காற்றுப் படக்கூடாது

1

போன மாதம் கவுன்சில் ஆட்கள் மூன்று பேர் சப்பாத்தோடு வீட்டுக்குள் வந்து, ஹோலில் நின்ற சூட்டு மிஷினைக் கழற்றத் தொடங்கினார்கள். நகரசபைக்கு, அதாவது கவுன்சிலுக்குச் சொந்தமான இந்தக் கட்டடத்தின் எல்லா பிளாட்டுகளிலும் அதை எடுத்துவிட்டு, சுடுதண்ணி ஓடும் ரேடியேற்றர் பூட்டுகிறார்கள். எங்கள் முறை வர இரண்டு வருடம் எடுத்தது. அதற்குள் நான் நிரப்பிக் கொடுத்த படிவங்களை எரித்திருந்தாலே ஒரு குளிர்காலத்தை ஓட்டியிருக்கலாம்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு அந்த மிஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது ஆள் உயர அலுமாரிக்குள் நிற்கும். மேலே காஸ் அடுப்பு, கீழே ஒரு காற்றாடி. ஹோல் சுவரில் இருக்கும் பெரிய கம்பிவலையால் வீட்டுக் காற்றை இழுத்து, அதைச் சுடவைத்து, நிலத்துக்கு அடியில் ஓடும் தகரக் குழாய்களால் ஒவ்வொரு அறைக்கும் அனுப்பும். அறைகளில் சுவரோரமாகச் சின்னக் கம்பிவலை இருக்கும். இதை இங்கே கிறில் என்பார்கள். உள்ளே போகிற காற்றும் வெளியே வருகிற காற்றும் தடையில்லாமல் ஓடினால்தான் வீடு சூடாகும். இவ்வளவும் எனக்கு இப்போது தண்ணீர் பட்ட பாடு. எண்பத்தேழாம் ஆண்டு தை மாதத்தில் ஒரு மண்ணும் தெரியாது.

படுக்கையறைக் கிறிலைக் கழற்றிய வேலையாள் குழாய்க்குள் தோள்வரை கையை விட்டு எதையோ பிடித்து இழுத்தான். வந்தது ஒரு சேலை. முழுச் சேலையல்ல, பாதி. நீல நிறம், சிவப்புக் கரை. அதைச் சுற்றித் தமிழ்ப் பத்திரிகைத் தாள்கள், தாள்களுக்கு மேல் பழுப்பு நிற ஒட்டுப்பட்டி. பதினொரு வருடத் தூசி படிந்து தலையணை போல உருண்டிருந்தது.

என் மகள் அபிக்குப் பதினொரு வயது. அவள் முழங்காலில் குந்தி அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

"அப்பா, வட் இஸ் தட்?" என்றாள்.

எனக்குத் தெரியும். அதை அங்கே திணித்தவன் நான். இவ்வளவு காலமும் அதை இரண்டு பேரிடம் மறைத்தேன். ஒருத்தி என் மனைவி வதனி. மற்றவள் கேள்வி கேட்டுக்கொண்டு முன்னால் குந்தியிருந்தாள்.

2

அபி மார்கழி கடைசியில் பிறந்தாள். பிள்ளையையும் தாயையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்று இந்த பிளாட்டில் நாங்கள் மூன்று பேர்தான். உறவு என்று சொல்ல ஒரு குருவியும் லண்டனில் இல்லை. எங்கள் அகதி வழக்கு ஹோம் ஒபிசில் கிடந்தது. நான் பெற்றோல் ஸ்டேசனில் பகல் ஷிப்ட் செய்தேன். வதனிக்கு ஆங்கிலத்தில் 'தாங்க்யூ' மட்டும் தெரியும்.

பிள்ளை பெற்றவளுக்கு முப்பத்தொரு நாளும் காற்றுப் படக்கூடாது. எங்கள் ஆட்களில் இதைத் தெரியாதவர் கிடையாது. காதுக்குப் பஞ்சு, தலைக்குத் துணி, சாத்திய யன்னல், சரக்குக் கறி, சுடுதண்ணி. தவறவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க உடம்பு நோகும் என்பார்கள். யாழ்ப்பாணத்துச் சூட்டிலேயே அப்படிக் காத்தார்கள் என்றால், பனி கொட்டுகிற லண்டனில் எப்படிக் காக்கவேண்டும்? செய்து கொடுக்க அவளுக்குத் தாய் இல்லை, தமக்கை இல்லை. நான்தான் எல்லாம். ஆகவே மற்றவர்கள் செய்வதைவிட இரண்டு மடங்கு செய்ய வெளிக்கிட்டேன். பயந்தவன் கையில் பொறுப்பைக் கொடுத்தால் அப்படித்தான்.

முதலில் யன்னல் இடுக்குகளுக்கு ஒட்டுப்பட்டி ஒட்டினேன். பிறகு ஹோலில் நடக்கும்போது கணுக்காலில் ஒரு குளிர்காற்று ஓடுவதைக் கவனித்தேன். பின்தொடர்ந்து போனால் அது அந்தப் பெரிய கிறிலுக்குப் போய்ச் சேர்ந்தது. காற்று அங்கேயிருந்து வருகிறது என்று நினைத்தேன். அது அங்கே போகிறது என்று நினைக்க எனக்குப் புத்தி இல்லை.

வதனி ஒரு பழைய நீலச் சேலையை எடுத்துத் தந்தாள்.

"இதைக் கிழிச்சு அடையுங்கோ. நான் இனி இதைக் கட்டமாட்டன்."

சேலையை இரண்டாகக் கிழித்தேன். ஒரு பாதியைப் பெரிய கிறிலில் வைத்து, மேலே அட்டை வெட்டி ஒட்டி, அதன் மேல், டூட்டிங் பக்கத்துத் தமிழ்க் கடையில் தந்த முருகன் கலண்டரைத் தொங்கவிட்டேன். கீழே மிச்சமிருந்த இடத்துக்கு இரண்டு அரிசி மூட்டைகளைச் சாத்தி வைத்தேன். மிஷின் அலுமாரியின் மேல் பக்கத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதற்குப் பத்திரிகை. செய்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். எனக்கு என்னைப் பற்றிப் பெருமையாகவே இருந்தது.

3

இரண்டு நாளில் மிஷின் குணம் மாறியது. பற்றும், பத்து நிமிடம் உறுமும், அணையும். பிறகு குளிர்ந்த காற்றை ஊதும். திரும்பப் பற்றும். வீடு சூடாகவில்லை. எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

அதோடு வதனிக்குத் தலையிடி தொடங்கியது.

"என்னப்பா, கண்ணைத் திறக்க ஏலாமல் கிடக்கு. சத்தி வாற மாதிரி இருக்கு."

"காத்துப் பட்டிட்டுது போல. எங்கயோ இடைவெளி இருக்கு. நான் பாக்கிறன், நீ படு."

இடைவெளி தேடினேன். கதவுக்கு அடியில் துவாய் வைத்தேன். அவளுக்குக் கூடியது. நான் இன்னும் இறுக்கினேன். படுக்கையறைக் கிறில் குளிர்ந்த காற்றை ஊதியதால், சேலையின் மற்றப் பாதியைப் பத்திரிகையோடு சுற்றி அதற்குள் திணித்தேன். திணித்த வேகத்தில் அது கைநழுவி உள்ளே போய்விட்டது. எட்டி எடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. போகட்டும், அடைபட்டால் சரி என்று விட்டேன்.

எனக்கும் காலையில் எழும்பும்போது தலை கனக்கும். வேலைக்குப் போய், திறந்தவெளியில் பெற்றோல் பம்பருகே நிற்க ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். வேலை செய்தால் உடம்பு சரியாகிறது என்று எண்ணிக்கொண்டேன். எவ்வளவு பெரிய மடையன் நான்.

பிள்ளை பால் குடிப்பதைக் குறைத்தாள். அழுவதையும் குறைத்தாள். நல்ல பிள்ளை, தொந்தரவு தராமல் நித்திரை கொள்கிறாள் என்று முதலில் நினைத்தோம். பிறகு ஒருநாள் வதனி பிள்ளையின் காலை என் கையில் எடுத்து வைத்தாள். கால் குளிர்ந்து கிடந்தது.

"என்னப்பா, இவள் கண்ணைத் திறந்து என்னைப் பாக்கிறாளில்லை" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே நாக்குக் குழறியது.

கிழமைக்கு ஒருமுறை பிள்ளையைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரத் தாதி வருவாள். அவள் சுவரில் ஒரு அட்டை ஒட்டிவிட்டுப் போனாள். அறை சூடாக இருந்தால் அதில் பச்சை தெரியும், குளிர்ந்தால் நீலம். எங்கள் அட்டை நீலத்தைவிட்டு அசையவில்லை. இப்படியே இருந்தால் பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைக்கவேண்டி வரும் என்றாள். எனக்கு அவள் சொன்ன மற்றது ஒன்றும் காதில் ஏறவில்லை. பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது மட்டும் ஏறியது. போகும்போது, மூச்சு முட்டுகிறது என்று சொல்லி யன்னலைத் திறந்துவிட்டுப் போனாள். அன்று பின்னேரம் பிள்ளை நன்றாகப் பால் குடித்தாள். அதையும் நாங்கள் கவனித்தோம். தாதியின் கைராசி என்றாள் வதனி. யன்னலைத் திரும்பச் சாத்தி ஒட்டுப்பட்டி ஒட்டியவன் நான்தான்.

கவுன்சிலுக்கு நான் போன் எடுத்த தடவைக்குக் கணக்கில்லை. ஒரு எஞ்சினியர் வந்தார், தலை நரைத்த ஐரிஷ்காரர். மிஷினுக்குள் இருந்த தூசி வடிகட்டியை இழுத்துக் காட்டினார். தாளிதப் புகையும் சாம்பிராணியும் சேர்ந்து அது தோசைக்கல் மாதிரி இருந்தது. கழுவிப் போட்டார். அவர் ஏதோ கிறிலைப் பற்றிக் கேட்க, அவருடைய ஆங்கிலம் பிடிபடாமல் நான் "யெஸ், யெஸ்" என்றேன். மிஷின் பற்றி எரிந்தது, அவர் போய்விட்டார். அவர் லிப்டால் இறங்கி முடியவில்லை, அது அணைந்தது. இரண்டாம் முறை வந்து காற்றாடியின் பட்டியை மாற்றினார். அதுவும் அதே கதை.

இருபத்திரண்டாம் நாள் லீவு போட்டுவிட்டு ஹவுசிங் ஒபிசுக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், பத்து வேலை நாட்களுக்குள் ஆள் வரும் என்றாள். மிஷின் பழுதென்றும், எஞ்சினியர் சரியாகப் பார்க்கவில்லை என்றும் கடிதம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அதை நீட்டினேன். அவள் அதை ஒரு தட்டில் போட்டாள். அதற்குமேல் எனக்கு ஆங்கிலம் வரவில்லை. பொக்கற்றில் பிள்ளையின் சொக்ஸ் ஒன்று இருந்தது, என் சுண்டுவிரல் நீளம். அதை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். "திஸ் லெக் கோல்ட்" என்றேன். நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். அவள் போனை எடுத்தாள்.

4

அன்று பகலே அதே ஐரிஷ்காரர் வந்தார். முறைப்பாடு எழுதியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். முகம் சரியில்லை. இந்த முறை மிஷினைப் பற்றவைத்துவிட்டுப் போகாமல், அதற்கு முன்னால் ஒரு பெட்டியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். அரைமணி நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புகை வருகிற தீக்குச்சி ஒன்றைக் கொளுத்தி அடுப்பின் வாயருகே பிடித்தார். புகை மேலே புகைபோக்கிக்குள் போகவேண்டும். அது திரும்பி அவர் முகத்துக்கு வந்தது.

அவர் துள்ளி எழும்பி காஸை அடித்து மூடினார். என்னைத் தள்ளிக்கொண்டு படுக்கையறைக்குள் ஓடினார். ஒட்டுப்பட்டியோடு யன்னலைப் பிய்த்துத் திறந்தார். வதனியின் பக்கத்தில் கிடந்த பிள்ளையைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு, முன்கதவைத் திறந்து வெளி நடைபாதைக்குப் போய்விட்டார். அங்கே கம்பிக்கு மேலெல்லாம் பனி கிடந்தது.

வதனியின் காதில் பஞ்சு. அவள் விழித்துப் பார்த்தபோது பிள்ளை இல்லை. அவள் வைத்த கூச்சலை இதற்குப் பிறகு நான் எங்கும் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம். நான் பின்னால் ஓடிப்போய் அவருடைய கழுத்துச் சட்டையைப் பிடித்தேன். பிள்ளையைப் பறிக்கப் பார்த்தேன். ஐம்பது வயது தாண்டிய மனிதர் ஒரு கையால் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையால் என்னைச் சுவரோடு அழுத்திப் பிடித்தார். ஏதோ கத்தினார். எனக்கு விளங்கிய ஒரே சொல் 'பொய்சன்', நஞ்சு.

வதனி சுவரைப் பிடித்துப் பிடித்து வெறுங்காலோடு வந்தாள். இருபத்திரண்டு நாள் காற்றுப் படாமல் நான் காத்த உடம்பு பனிக்குள் நின்றது. நாங்கள் நாலு பேரும் அந்த நடைபாதையில் நின்றோம். பிள்ளையின் முகத்தில் குளிர் அடித்தது. ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. அந்த ஒரு நிமிடத்தில் நான் எந்தக் கடவுளிடம் என்ன கேட்டேன் என்று எனக்குத் தெரியாது. கேட்டதெல்லாம் இன்னும் கடனாக நிற்கிறது.

பிறகு அபி வாயைத் திறந்து அழுதாள். கட்டடம் முழுக்கக் கேட்கும்படி அழுதாள்.

5

அவர் உள்ளே போய் மூட்டைகளை இழுத்துவிட்டு, கலண்டரைக் கழற்றி, அட்டையையும் சேலையையும் எடுத்தார். அலுமாரி ஓட்டையில் இருந்த பத்திரிகையை எடுத்தார். எல்லாவற்றையும் என் காலடியில் வைத்தார். பிறகு கோபமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக, எனக்கு விளங்கும்வரை திருப்பித் திருப்பிச் சொன்னார். மிஷின் மூச்சிழுக்கிற வாயை நீ பொத்திவிட்டாய். இழுக்கக் காற்றில்லாமல் அது புகைபோக்கியில் போகவேண்டிய புகையைக் கீழே இழுத்து வீட்டுக்குள்ளேயே விட்டது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் நான் வந்து கதவைத் தட்டத் திறக்க ஆள் இருந்திருக்காது.

"இதை உன் மனைவிக்குச் சொல்லு" என்றார். "நீ வேலைக்குப் போன பிறகு அவள்தான் பிள்ளையோடு இருப்பவள். அவளுக்குத் தெரியவேண்டும். நான் சொன்னதை அப்படியே சொல்லு."

வதனி பிள்ளையை மார்போடு வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தாள். அவளுக்கும் இந்த நாட்டுக்கும் நடுவில் அன்றைக்கு இருந்தது என்னுடைய வாய் மட்டும்தான்.

"என்னவாம்?" என்று கேட்டாள்.

நான் சொன்னேன்: "மிஷின் பழசாம். உள்ளுக்குக் காஸ் கசிஞ்சிருக்காம். கவுன்சில் எப்பவோ மாத்தியிருக்க வேணுமாம். அவங்கட பிழையாம்."

"அப்ப இந்தச் சேலையை ஏன் எடுத்தவர்?"

"திருத்திறதுக்கு இடைஞ்சலாம். இனி அடைக்க வேண்டாமாம், மிஷின் நல்லா வேலை செய்யுமாம்."

எஞ்சினியர் என்னைப் பார்த்தார். "அப்படியே சொன்னாயா?"

"யெஸ்" என்றேன்.

வதனி அவரைப் பார்த்துத் தலையாட்டினாள், தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல்லைச் சொன்னாள். அவர் திருப்தியாகப் பைகளை எடுத்தார். படுக்கையறைக் குழாய்க்குள் கிடந்த மற்றப் பாதியைப் பற்றி நான் அவரிடம் மூச்சும் விடவில்லை. காற்று வழி அடைக்கப்பட்டிருந்தது, எடுத்தாயிற்று என்று எழுதிய துண்டின் பிரதியைத் தந்துவிட்டுப் போனார். அதைக் கீழே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டேன். தாயையும் பிள்ளையையும் இன்றைக்கே டொக்டரிடம் காட்டு என்று சொல்லியிருந்தார். காட்டினேன். அங்கேயும் குளிர் என்றுதான் சொன்னேன். டொக்டர் பார்த்துவிட்டு இருவரும் நலம் என்றார். உண்மையைச் சொன்னால் பிள்ளையை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். மறுபக்கம் வதனியின் முகம். இரண்டில் எது பெரிது என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்ல ஏலாது.

ஒரு மாதம் கழித்து, தாமதத்துக்கு வருந்துவதாகக் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. என் முறைப்பாட்டை நான் திருப்பி எடுக்கவில்லை. அந்த ஐரிஷ்காரரை அதன் பிறகு எங்கள் கட்டடத்தில் கண்டதில்லை. அவருக்கு என்ன நடந்ததென்று விசாரிக்க எனக்குத் துணிவில்லை.

வதனி அந்தக் கடிதத்தைப் பாஸ்போட்டுகளோடு பத்திரப்படுத்தினாள். பிறந்தநாள் வீடு, சாமத்திய வீடு எங்கே போனாலும் அவள் வாயில் அந்தக் கதைதான். "இவர் ஹவுசிங் ஒபிசில பிள்ளேன்ர சொக்ஸைத் தூக்கி வைச்சுச் சண்டை பிடிச்சிராட்டி இண்டைக்கு இவளும் இல்லை, நானும் இல்லை." சனங்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் நிலத்தைப் பார்ப்பேன். அடக்கமான மனிசன் என்று அதற்கும் ஒரு பெயர் கிடைத்தது.

அபி இப்போது என்னோடு அதிகம் பேசுவதில்லை. கேட்டதற்கு 'யா', 'நோ', 'வட்டெவர்'. ஆனால் இந்தக் கதையை மட்டும் ஆங்கிலத்தில் திருப்பித் திருப்பிக் கேட்பாள். பள்ளிக்கூடத்தில் தன் தகப்பனைப் பற்றி இதைத்தான் எழுதினாள். ரீச்சர் அதைச் சுவரில் ஒட்டியிருந்ததை நானே போய்ப் பார்த்தேன்.

மிஷின் மூச்சிழுக்கிற வாய் திறந்திருந்ததால் புகை திரும்ப வரவில்லை. ஆனால் குழாய் அடைபட்ட படுக்கையறை மட்டும் ஒரு குளிர்காலத்திலும் சரியாகச் சூடாகவில்லை. "இந்த அறைக்கு என்ன சாபமோ" என்பாள் வதனி. நான் மின்சார ஹீற்றர் வாங்கி வைத்தேன்.

6

வேலையாள் சேலையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அபிக்கு விளக்கினான். இது தானாக விழுந்ததில்லை, யாரோ வேண்டுமென்றே அடைத்திருக்கிறார்கள். இந்த வகை மிஷினில் காற்றை மறித்தால் விஷப்புகை வீட்டுக்குள் வரும், ஆட்கள் நித்திரையிலேயே செத்திருக்கிறார்கள். இதைச் செய்தவர்கள் உயிரோடு இருந்தால் அதிர்ஷ்டம்தான்.

அபி தாளில் இருந்த தமிழ் எழுத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பட் அப்பா, யூ செட் இட் வாஸ் த கவுன்சில்."

வதனி தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள். அவள் எப்போது வந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் பார்வை அந்தச் சிவப்புக் கரையில் இருந்தது. நான் பழக்க தோஷத்தில் அவள் பக்கம் திரும்பி, அவன் என்ன சொல்கிறான் என்று தமிழில் சொல்ல வாயெடுத்தேன்.

வதனி ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் ஆறு வருடமாக வேலை செய்கிறாள். வெள்ளைக்காரிகளோடு நாள் முழுக்கப் பேசிச் சிரிக்கிறாள். அது எனக்கு அந்த நேரம் மறந்துபோனது.

"நீங்கள் சொல்ல வேண்டாம்" என்றாள். "அண்டைக்கும் நீங்கள்தான் சொன்னனீங்கள்."

தட்டை வைத்துவிட்டு, அவனிடமிருந்து சேலையை வாங்கிக்கொண்டு போனாள். அன்று பின்னேரம் அது கழுவப்பட்டு, புது ரேடியேற்றரின் மேல் காய்ந்துகொண்டிருந்தது. அவள் திட்டவில்லை, அழவில்லை. சாப்பாடு போட்டாள். திட்டியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அபி அந்தச் சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். படுக்கையறை பதினொரு வருடத்தில் முதல் முறையாக, மின்சார ஹீற்றர் இல்லாமலே சூடாக இருந்தது. எனக்கு அங்கே படுக்க முடியவில்லை.

போன சனிக்கிழமை, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் ஒரு பிறந்தநாள் வீடு. அங்கே, ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். வீட்டில் ஹீற்றர் சரியில்லை, கவுன்சில் வருவதில்லை என்று அழாக்குறையாகச் சொன்னாள். உடனே யாரோ, "வதனி அக்கா, உங்கட கதையைச் சொல்லுங்கோ" என்றார்கள். எல்லோரும் வதனியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

"இந்த முறை நீங்கள் சொல்லுங்கோ" என்றாள்.

அந்தப் பெண் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு என் வாயைப் பார்த்தாள். பனிக்குள் வெறுங்காலோடு நின்ற வதனி அன்று பார்த்தது போலவே பார்த்தாள்.

"தங்கச்சி" என்றேன், "உங்கட வீட்டில காத்து வாற ஓட்டை எதையாவது அடைச்சு வைச்சிருக்கிறியளோ?"

அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். "ஓம் அண்ணை. பிள்ளைக்குக் காத்துப் படும் எண்டு இவர்தான் அடைச்சவர்."

அப்போதுதான் சொன்னேன். சேலையை, மூட்டையை, கலண்டரை, அந்த ஐரிஷ்காரரை, நான் மாற்றிச் சொன்ன சொற்களை, எல்லாவற்றையும் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். அந்தப் பெண்ணின் கணவன் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு, கோட்டைக்கூடப் போடாமல் வீட்டுக்கு ஓடினான்.

வரும்போது ரயிலில் வதனி எனக்கு எதிர்ச்சீட்டில் இருந்தாள். பக்கத்தில் இருக்கவில்லை. அபி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு எழும்பி வந்து என் பக்கத்தில் இருந்தாள்.